பாறையேற்றப் பயிற்சி: கட்டணத்தை எப்படி ஒப்பிடுவது?

கேள்வி: பெங்களூருவில் பணிபுரிகிறேன். ராமநகராவில் ஒருநாள் பாறையேற்றப் பயிற்சிக்கு ஓர் அமைப்பு 1,500 ரூபாயும் மற்றோர் அமைப்பு 3,500 ரூபாயும் கேட்கின்றன. விபத்து நேர்ந்தால் தாங்கள் பொறுப்பல்ல என்று எழுதிய படிவத்தில் இரண்டுமே கையெழுத்து கேட்கின்றன. எதில் சேரலாம்? உபகரணங்களை நானே வாங்க வேண்டுமா?

பதில்: ஒரு கயிற்றுக்கு எத்தனை பேர் என்பதை இரண்டு அமைப்புகளிடமும் கேளுங்கள். தொடக்கநிலையாளருக்குப் பெரும்பாலும் 'டாப் ரோப்' முறையே பின்பற்றப்படுகிறது. பாறை உச்சியில் அமைத்த ஆங்கர் (கயிற்றைத் தாங்கும் பிடிமான அமைப்பு) வழியாக வரும் கயிற்றின் ஒரு முனை ஏறுபவரின் ஹார்னஸில் (இடுப்பிலும் தொடைகளிலும் அணியும் பாதுகாப்புப் பட்டையில்) கட்டப்பட்டிருக்கும். மறுபக்கத்தைக் கீழே நிற்பவர், ஏறுபவர் விழுந்தால் கயிற்றை இறுக்கி நிறுத்தும் பிலே கருவியால் கட்டுப்படுத்துவார். ஒரு கயிற்றுக்குப் பன்னிரண்டு பேர் என்றால், நாளின் பெரும்பகுதி வெயிலில் காத்திருப்பதிலேயே கழியும். நான்கு பேர் என்றால் 3,500 ரூபாய் அதிகமில்லை என்பது என் கருத்து.

அடுத்து, ஆங்கரை அமைப்பவர் யார், அது ஒன்றையொன்று சாராத இரண்டு பிடிமானங்களையாவது கொண்டிருக்குமா என்று கேட்க வேண்டும். உத்தரகாசியிலுள்ள நேரு மலையேற்ற நிறுவனம் போன்றவற்றில் அடிப்படைப் பயிற்சி முடித்த சான்றிதழை மட்டும் காட்டினால், அவர் ஏறக் கற்றவர் என்றுதான் பொருள். பிறருக்குக் கற்பிப்பதற்கென 'எம்.ஓ.ஐ.' என்ற தனிப் பயிற்சி உண்டு. அன்றுதான் கற்றுக்கொண்ட ஒருவரிடம், மேற்பார்வையின்றி, உங்கள் கயிற்றை ஒப்படைக்கும் அமைப்பு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

தலைக்கவசத்தில் ஈ.என். 12492, ஹார்னஸில் ஈ.என். 12277 என்ற ஐரோப்பியத் தர எண்களோ, பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பான யு.ஐ.ஏ.ஏ.வின் முத்திரையோ உள்ளதா என்று பாருங்கள். முதல் நாளுக்கு எதையும் வாங்க வேண்டியதில்லை. ஆர்வம் நீடித்தால் காலணியை மட்டும் கடையில் அணிந்து பார்த்து வாங்கலாம். பழைய கயிற்றையும் ஹார்னஸையும் பிறரிடமிருந்து வாங்கவே கூடாது. அவை எத்தனை விழுதல்களைத் தாங்கின என்பது விற்பவருக்கே தெரியாமலிருக்கலாம்.

ராமநகராவின் ராமதேவர பெட்டா கழுகுச் சரணாலயமாக இருப்பதால், எந்தப் பாறைக்கு அழைத்துச் செல்கிறார்கள், அனுமதி உண்டா, வனத்துறை தடுத்தாலோ மலைத்தேனீக்கள் கலைந்து பயிற்சி நின்றாலோ பணம் திரும்ப வருமா என்பனவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

படிவத்தைப் பொறுத்தவரை, பாறையேற்றத்துக்கே உரிய இடர்களை அறிந்து ஏற்பது வேறு, அமைப்பாளரின் கவனக்குறைவை மன்னிப்பது வேறு. கையெழுத்திட்டதாலேயே, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்காக முறையிடும் வழி அடைபட்டுவிடாது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம்; இத்தகைய சிறு தொகைக்குக் கட்டணமும் இல்லை. ரசீதையும் குறுஞ்செய்திகளையும் பாதுகாத்து வையுங்கள். முதற்கட்ட உதவிக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். உங்கள் விபத்துக் காப்பீடு சாகச விளையாட்டுகளை விலக்கியிருக்கக்கூடும் என்பதால், பணம் கட்டுவதற்கு முன் அதன் விதிகளைப் படித்துவிடுங்கள்.