கைப்பழக்கம் – கடிதம்

வணக்கம்,

நான்கு வருடங்களாகச் சிறுகதை எழுதிப் பார்க்கிறேன். வேலை முடிந்து வந்து இரவில் இரண்டு மணி நேரம், ஒருநாளும் விட்டதில்லை. 40 கதைகளுக்கு மேல் ஆகிவிட்டன. அனுப்பியவை எல்லாம் திரும்பி வந்தன. என் தோழி ஒருத்தி போன வருடம்தான் எழுதத் தொடங்கினாள். முதல் கதையே அச்சில் வந்தது. படித்தேன். பொறாமைப்படக்கூட முடியவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது.

10,000 மணி நேரம் பயிற்சி செய்தால் யாரும் எதிலும் தேறிவிடலாம் என்கிறார்களே, உண்மையா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்குச் சுமார் 3,000 ஆகியிருக்கிறது. இன்னும் பத்து வருடம் இப்படியே போனால் வந்துவிடுமா? இல்லை, இதெல்லாம் பிறவியிலேயே இருக்க வேண்டுமா? அப்படியென்றால் இப்போதே நிறுத்திவிடுகிறேன். அப்பா போன பிறகு அம்மா தனியாகத்தான் இருக்கிறாள். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் தட்ட வேண்டாமே என்று அப்பாவுக்காக ஒருக்களித்து வைத்த கதவை, இன்றும் தாழிடாமல்தான் படுக்கிறாள். அந்த இரண்டு மணி நேரத்தை அவளோடாவது கழிக்கலாம்.

கடைசியாக எழுதிய கதையை இணைத்திருக்கிறேன். நேரம் இருந்தால் பாருங்கள்.

ம.

அன்புள்ள ம.,

கடிதத்தை இரண்டு முறையும் கதையை மூன்று முறையும் படித்தேன்.

முதலில் அந்தக் கணக்கை முடித்துவிடுவோம். பெர்லினில் வயலின் படித்த மாணவர்களை வைத்து உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்ஸனும் வேறு இருவரும் செய்த ஆய்வு 1993இல் வெளிவந்தது. மிகச் சிறந்தவர்கள் என்று ஆசிரியர்கள் அடையாளம் காட்டிய மாணவர்கள், இருபது வயதுக்குள் தனியாக உட்கார்ந்து செய்த சாதகத்தின் சராசரி 10,000 மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. அது சராசரிதான். அந்தச் சிறந்தவர்களிலேயே பாதிப் பேர் அந்த எண்ணைத் தொட்டிருக்கவில்லை என்று எரிக்ஸனே பின்னால் விளக்கினார். அதற்குள் அந்த எண் ஊரெல்லாம் பரவி ஒரு விதியாகிவிட்டது. சதுரங்க வீரர்களைப் பற்றி 2007இல் வந்த ஓர் ஆய்வில், ஒருவர் சுமார் 3,000 மணி நேரத்தில் மாஸ்டர் நிலைக்கு வந்திருக்கிறார். இன்னொருவருக்கு அதே இடத்துக்கு வர 23,000 மணி நேரத்துக்கு மேல் பிடித்திருக்கிறது. அதைவிட அதிகம் ஆடியும் அங்கே வராதவர்களும் இருக்கிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2014ஆம் வருட ஆய்வு, இசையில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் 21 சதவீதத்தைத்தான் பயிற்சியின் அளவை வைத்து விளக்க முடிகிறது என்றது.

ஆகவே உங்கள் தோழிக்கு இருப்பது உண்மையான ஒன்று. சிலருக்குச் சீக்கிரம் வருகிறது. அதை மறுத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த 1993 ஆய்வில் யாரும் அதிகம் பேசாத பகுதி ஒன்று உண்டு. அந்த மணி நேரங்களில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது. ஆசைக்கு வாசித்ததை ஆய்வாளர்கள் தனியாகக் கணக்கிட்டார்கள். சாதகம் என்று எண்ணப்பட்டது, வராத இடத்தை வரவழைப்பதற்காகத் தனியாக உட்கார்ந்து போராடியதை. தேர்ச்சிக்கு அதுதான் மிகவும் உதவுகிறது என்று அந்த மாணவர்களே சொன்னார்கள். ஆனால் அது சந்தோஷமான வேலை என்று அவர்கள் சொல்லவில்லை. இடைவெளி விட்டுச் செய்தார்கள். மதியத்தில் நன்றாகத் தூங்கவும் செய்தார்கள்.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன். அதில் கணவனை இழந்த ஒரு தாய் வருகிறாள். "தனிமையின் பேரிருள் அவளது இதயத்தை மெல்ல மெல்ல விழுங்கிக்கொண்டிருந்தது" என்று தொடங்குகிறது. அடுத்த பக்கத்தில் "சொல்லொணாத் துயரம்". அதற்கடுத்த பக்கத்தில் "கண்ணீர் அருவி". மூன்று முறை படித்தும் எனக்கு அந்த அம்மாவின் முகம் தெரியவில்லை. எப்படிப்பட்ட வீடு, கை என்ன செய்துகொண்டிருக்கிறது, எதுவும் தெரியவில்லை. கடிதத்தில், கதை எழுதும் எண்ணமே இல்லாமல், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவர் தட்ட வேண்டாமே என்று ஒருக்களித்து வைத்த கதவு. அதற்கு மேல் உடனே படிக்க முடியாமல் எழுந்து கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன். எத்தனையோ வருடத் தாம்பத்தியம் முழுவதும் அந்தக் கதவில் இருக்கிறது. அவர் வராத இரவுகளும் அதில் இருக்கின்றன. துயரம் என்ற சொல் அங்கே இல்லவே இல்லை.

அதைப் பார்த்த கண் உங்களுடையது. யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கதை எழுத உட்கார்ந்ததும் அந்தக் கண்ணை மூடிக்கொண்டுவிடுகிறீர்கள். நான்கு வருடமாக, தினமும் இரண்டு மணி நேரம், கண்ணை மூடிக்கொண்டு எழுதப் பழகியிருக்கிறீர்கள். பயிற்சி பலிக்கவில்லை என்று நினைக்கிறீர்கள். பலித்துத்தான் இருக்கிறது. எதைப் பழகினீர்களோ அது கைக்கு வந்துவிட்டது. "சொல்லொணாத் துயரம்" இப்போது கூப்பிடாமலே வந்து விழுகிறது.

எனக்கும் இது நடந்தது. தொடக்கத்தில் இரண்டு வருடம் விடாமல் எழுதினேன், வளர்ந்துகொண்டிருக்கிறேன் என்ற நம்பிக்கையோடு. ஒரு மூத்த வாசகர் என் கதைகளைப் படித்துவிட்டு ஒரே ஒரு குறிப்பு எழுதினார்: "உங்கள் கதையில் பாட்டியும் பேரனும் உங்களைப் போலவே பேசுகிறார்கள்." மனம் நொந்துபோனது. ஆனால் எடுத்துப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. ஆறு மாதம் கதையே எழுதவில்லை. பஸ்ஸில், கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரி வராந்தாவில் காதில் விழுந்த பேச்சை இரவில் நினைவிலிருந்து எழுதினேன். பாதியில் நிற்கும் வாக்கியம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்பவர்கள். தினமும் அரைமணி நேரம், அவ்வளவுதான். அந்த இரண்டு வருடம் தராததை அந்த ஆறு மாதம் தந்தது.

வான்கோவைப் பாருங்கள். 1880இல், 27 வயதில், ஓவியராவது என்று முடிவெடுத்தபோது அவருக்குக் கை வரவில்லை. அன்று வரைந்த மனிதர்கள் மரப்பொம்மை போல விறைத்து நிற்கிறார்கள். சார்ல் பார்க் என்பவரின் பயிற்சித் தாள்களை வரிசையாக நகலெடுத்தார், முடிந்ததும் திரும்ப நகலெடுத்தார். தூரமும் அளவும் பிடிபடாததால் 1882இல் நூல் கட்டிய ஒரு சட்டத்தைச் செய்து வாங்கி, அதன் வழியே பார்த்து வரைந்தார். 1885இல் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' ஓவியத்துக்கு முன்னால் குடியானவர்களின் தலைகளை மட்டும் சுமார் 40 முறை தீட்டிப் பார்த்தார். 1890இல், வாழ்வின் கடைசி வருடத்தில், பெரும் ஓவியங்கள் பலவற்றை வரைந்து முடித்த பிறகும், பார்க்கின் அதே தாள்களை மறுபடி நகலெடுக்க வேண்டும் என்று தம்பிக்கு எழுதினார். எப்போதும் எது வரவில்லையோ அதன் முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிற மனிதர் அவர்.

அப்படியென்றால் அவருக்குப் பிறவியில் வந்தது எது? இந்த இடத்தில் ஔவையின் தனிப்பாடல் நினைவுக்கு வருகிறது. "சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்" என்பதோடு நாம் நிறுத்திக்கொள்வோம். படித்ததும் பழக்கம், நடப்பதும் பழக்கம் என்று சொல்லிக்கொண்டே போகிற பாட்டு, கடைசியில் "நட்பும் தயையும் கொடையும் பிறவிக் குணம்" என்று முடிகிறது. ஓவியத்தையும் மொழியையும் பழக்கத்தின் கணக்கில் வைத்தவள், தயையைப் பிறவியின் கணக்கில் வைக்கிறாள். ஓவியராவதற்கு முன் வான்கோ சுரங்கத் தொழிலாளர்கள் நடுவில் மதபோதகராக இருந்தார். தன் துணிமணிகளைக் கொடுத்துவிட்டு, அவர்களைப் போலவே குடிசையில் படுத்துக் கிடந்தார். அந்தக் குடியானவர்களின் முகங்களை 40 முறை பார்க்க வைத்தது அந்தக் குணம்தான் என்று நான் நம்புகிறேன். அம்மாவின் கதவை உங்களைப் பார்க்க வைத்ததும் அதுதான்.

தோழியைப் போல உங்களுக்குச் சீக்கிரம் வருமா என்று என்னால் சொல்ல முடியாது. எழுத்தை நிறுத்துவதும் நிறுத்தாததும் உங்கள் விருப்பம். ஆனால் திறமை இல்லை என்ற காரணத்துக்காக நிறுத்தினால் அது தப்பான காரணம்.

ஒரு மாதத்துக்குப் புதுக்கதை வேண்டாம். இரண்டு மணி நேரமும் வேண்டாம், முக்கால் மணி போதும். மிச்ச நேரத்தை அம்மாவோடு இருங்கள். ஒரே ஒரு பக்கம்: இரவு, அம்மா, அந்தக் கதவு. உணர்ச்சியின் பெயர் எதுவும் வரக் கூடாது. ஏற்கெனவே எங்கேயோ படித்தது போல இருக்கும் சொற்சேர்க்கையை அடித்துவிடுங்கள். எழுதியதைத் தோழியிடம் கொடுத்து, எந்த வரியில் காட்சி கலைகிறது என்று மட்டும் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். கோடு விழுந்த இடத்தை மட்டும் மறுபடி எழுதுங்கள்.

பிறகு அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். காற்றில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அம்மா எதை முட்டுக் கொடுத்து வைக்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்