நோட்டு ஓரத்தில் கோலம், மார்க் ஷீட்டில் அரியர்

வணக்கம் மேடம். பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கோலம் என்றால் எனக்கு உயிர், அதிலும் சிக்குக் கோலம். இரவு போனில் கோல வீடியோ பார்த்துப் படுக்க ஒரு மணி ஆகிவிடும். விடியுமுன் எழுந்து வாசலில் போட்டு, படம் எடுத்துப் பதிவிட்டால்தான் நிம்மதி. முதல் பீரியடில் கண் சொக்குகிறது. வகுப்பிலும் கை சும்மா இருப்பதில்லை. நோட்டு ஓரமெல்லாம் புள்ளிகள்தான். போன செமஸ்டரில் ரியல் அனாலிசிஸில் அரியர். "இனி கோலமாவு டப்பாவைத் தொட்டால் பார்" என்கிறார் அம்மா. கோலத்தை விட்டால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று அழுகையாக வருகிறது. எதை விடுவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புத் தோழிக்கு,

முதலில் விட வேண்டியது ராத்திரி போனை. உங்கள் வயதில் 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஒரு மணிக்குப் படுத்து விடியுமுன் எழுந்தால் அதில் பாதி தேறுமா? பத்து மணிக்குப் போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். ஐந்து மணிக்கு எழுந்து தாராளமாகக் கோலம் போடலாம்.

வகுப்பில் கை ஓடுகிறதே, அதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். உளவியலாளர் ஜாக்கி ஆன்ட்ரேட் 2009-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சலிப்பான தொலைபேசிச் செய்தியைக் கேட்டுக்கொண்டே தாளில் இருந்த வடிவங்களுக்குள் பென்சிலால் தீட்டியவர்கள், சும்மா கேட்டவர்களைவிட 29 சதவீதம் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள்! அவர்கள் செய்தது யோசனையே தேவைப்படாத வேலை. உங்களுடையது அப்படியில்லை. 15 புள்ளி, இடுக்குப் புள்ளி, 8 வரை என்று வைத்த பிறகு, இழை எங்கே வளைந்தால் ஒரு புள்ளியும் விடுபடாமல் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் என்று மனக்கணக்குப் போட வேண்டும். கரும்பலகையில் ஓடும் நிரூபணத்துக்கும் அதே கவனம்தான் வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது.

போன செமஸ்டர் அனாலிசிஸ் நோட்டைப் புரட்டுங்கள். எந்தப் பக்கங்களில் புள்ளிகள் நெருக்கமாக இருக்கின்றன? புரியாத தேற்றம் வந்த பக்கங்களாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். பாடம் பயமுறுத்தும்போது, தனக்கு நன்றாக வரும் வேலைக்குக் கை தப்பி ஓடுகிறது. ஊகம் சரியென்றால் அந்தப் பக்கங்களே உங்கள் சந்தேகப் பட்டியல். ஆசிரியரிடமோ நன்றாகப் படிக்கும் சீனியரிடமோ கொண்டுபோய்க் கேளுங்கள்.

வகுப்பு நடுவில் புது டிசைன் தோன்றினால் புள்ளிக் கணக்கையும், எப்போது போடப்போகிறீர்கள் என்பதையும் ஒரு வரி குறித்துவிட்டுப் பாடத்துக்குத் திரும்புங்கள். அரைகுறையாக நிற்கும் வேலைக்குத் திட்டம் வகுத்துவிட்டால் அது மனதை நச்சரிப்பது குறைகிறது என்று உளவியலாளர்கள் மாசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் 2011-ல் காட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று. கோலமும் கணிதமும் பகையாளிகள் இல்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமனியும் ராணி சிரோமனியும் 1970-களிலேயே கோலத்தைக் கணினி இலக்கணமாக, அதாவது வடிவத்தை உருவாக்கும் விதிகளின் தொகுப்பாக, ஆராய்ந்தவர்கள். கடைசி ஆண்டு புராஜெக்டுக்கு நல்ல தலைப்பு. அம்மாவிடம் இதைச் சொல்வதென்றால் அரியரை முடித்த கையோடு சொல்லுங்கள், காது கொடுத்துக் கேட்பார். அழுகை வாரக்கணக்கில் நீடித்தால் மட்டும் தள்ளிப்போடாமல் ஓர் ஆலோசகரை நேரில் பாருங்கள்.