குழந்தையின் குடல் சிகிச்சைக்கு வீட்டை விற்கலாமா?

கேள்வி: எங்கள் 14 மாத மகனுக்குப் பிறந்த சில நாளில் குடல் முறுக்கிக்கொண்டு, பெரும்பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. ரத்தக்குழாய் வழியாகத்தான் சத்து ஏறுகிறது. வேலைக்குப் போகும் என் மனைவிதான் வீட்டில் இரவெல்லாம் அதைக் கவனிக்கிறார். "எப்படியும் குடல் மாற்று சிகிச்சைதான், இப்போதே வீட்டை விற்றுக் காசை ஒதுக்கு" என்கிறார் என் மாமா. சிங்கப்பூர் ஈசூனில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. மூவரும் குடிமக்கள். விற்கலாமா?

பதில்: விற்க வேண்டாம். மாமா அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் இரண்டு இடத்தில் கணக்கு தப்புகிறது.

முதலாவது, மாற்று சிகிச்சை இந்த நோயில் எல்லாரும் போய்ச் சேரும் இடமில்லை. சின்னப் பிள்ளையின் குடல் வளரும். மிஞ்சிய பகுதி மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில், மெல்லச் சத்தை உறிஞ்சப் பழகும். ரத்தக்குழாய் வழி ஏற்றும் உணவே உயிருக்கு ஆபத்தாகும்போதுதான் மருத்துவர்கள் மாற்று சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள்: கல்லீரல் கெட்டுக்கொண்டே போவது, குழாய் செருகப் பெரிய ரத்தநாளங்கள் இல்லாமல் போவது, ரத்தத்தில் தொற்று திரும்பத் திரும்ப வருவது. மாற்றிய பிறகும் வாழ்நாள் முழுக்க மருந்து உண்டு. காசு இருந்தால் கிடைக்கும் உறுப்பும் அல்ல. இறந்தவரின் உறுப்பை மாற்று சிகிச்சைக்கு எடுக்க வழிசெய்யும் இங்குள்ள மனித உறுப்பு மாற்றுச் சட்டம் சிறுநீரகம், கல்லீரல், இதயம், விழிவெண்படலம் நான்கோடு நின்றுவிடுகிறது. குடல் அதில் சேராது.

இரண்டாவது, வீடு. அதற்காக மசேநிதியிலிருந்து (மத்திய சேமநிதி) எடுத்த பணம், விற்றதும் வட்டியோடு உங்கள் மசேநிதிக் கணக்குக்கே திரும்பிவிடும். அதைக் கொண்டு மருத்துவமனைக்கு ரொக்கம் கட்ட முடியாது. வீட்டுக்கடனும் கழிந்தால் கைக்கு வருவது மாமா மனத்தில் இருக்கும் தொகை அல்ல. அப்புறம் வாடகை. சத்துப் பைகளைக் குளிரில் வைக்க வேண்டிய குடும்பம் வீடு மாறி மாறி அலைவதை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் செலவு ஒரே அடியில் வரும் பெரிய பில் அல்ல, மாதாமாதம் கசியும் பணம். அதற்கு மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. பிறவிக் கோளாறு என்று அது ஒதுக்காது. ஆண்டு உச்சவரம்பு 2025 ஏப்ரலிலிருந்து 200,000 வெள்ளி. வீட்டில் நீண்டகாலம் ஏற்றும் குழாய்ச் சத்துக்கும் மாத வரம்புக்குள் கோரலாம். மிச்சத்துக்கு உங்கள் இருவரின் மெடிசேவ் (மசேநிதியின் மருத்துவச் சேமிப்பு), பிள்ளையின் பெயரில் உள்ள மேம்பாட்டுச் சேமிப்புக் கணக்கு. அதற்கும் மேல் தடுமாறினால் பிள்ளைகளுக்கான அரசு உதவி நிதியான மெடிஃபண்ட் ஜூனியர். மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரைப் பார்த்தால்தான் அந்தக் கதவு திறக்கும். கூச்சப்பட்டுக் கடன் அட்டையில் கட்டிக்கொண்டே போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அது வேண்டாம். பிள்ளைக்கு நோய் வருமுன் ஒருங்கிணைந்த காப்புறுதி (மெடிஷீல்டுக்கு மேல் எடுக்கும் தனியார் திட்டம்) எதுவும் எடுத்திருந்தால் அதைக் கைவிடாதீர்கள். புதிதாக எடுத்தால் இந்த நோயை விலக்கித்தான் தருவார்கள்.

நான் அதிகம் பயப்படுவது மனைவியின் சம்பளத்தைப் பற்றி. குழாய் இருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அது எந்த நாளில் வரும் என்று தெரியாது. ஆறு மாதச் செலவுக்கான ரொக்கத்தைச் சேமிப்புக் கணக்கில் தனியாக வையுங்கள். வேலையை விடுமுன் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு (வேலை நேரத்தை மாற்றுவது, வீட்டிலிருந்து வேலை செய்வது போன்றவை) மனைவி எழுத்தில் கேட்கட்டும். 2024 டிசம்பரில் நடப்புக்கு வந்த முத்தரப்பு வழிகாட்டிப்படி முதலாளி இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சரி, குழாயைக் கையாள நீங்களும் மருத்துவமனையில் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் மூன்று இரவாவது மனைவி தூங்கினால்தான் அவரது வேலை நிலைக்கும்.