பேண்ட் ஜெயித்தால் மகளுக்கு ஸ்காலர்ஷிப் வருமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறோம். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளி ஜாஸ் பேண்டில் இரண்டாம் டெனர் சாக்ஸபோன் வாசிக்கிறாள். அடுத்த ஆண்டு பேண்ட் ஒரு பெரிய போட்டிக்கு விண்ணப்பிக்கிறது. பரிசு வந்தால் அவளுடைய கல்லூரிச் செலவுக்கு உதவுமா? அவளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கவும் ஆசை.

பதில்: பேண்ட் வாங்கும் பரிசு பெரும்பாலும் பள்ளிக்குத்தான் போகும். கல்லூரி பணம் கொடுப்பது உங்கள் மகள் தனியாக வாசிப்பதைக் கேட்ட பிறகு. அதனால் போட்டி வரும் வரை காத்திருக்காமல், தனி வாசிப்புக்கான தயாரிப்பை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

போட்டியால் பயனே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. நியூயார்க்கின் ஜாஸ் அட் லிங்கன் சென்டர் 1996 முதல் நடத்திவரும் 'எசென்ஷியலி எலிங்டன்' போட்டியையே பாருங்கள். டியூக் எலிங்டன் போன்ற ஜாஸ் மேதைகளின் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டு எழுதிய ஸ்கோர்களை (முழு பேண்டுக்குமான இசைக் குறிப்புகளை)ப் பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். பேண்ட் தன் பதிவை அனுப்ப வேண்டும். தேர்வானால் நியூயார்க் பயணம். சிறந்த சோலோ (தனி வாசிப்பு), சிறந்த வாத்தியப் பிரிவு என்று தனி விருதுகளும் உண்டு. பாஸ்டனில் பெர்க்லீ இசைக் கல்லூரி நடத்தும் பள்ளி ஜாஸ் விழாவில், தங்கள் கோடைக்காலப் பயிற்சிக்கான உதவித்தொகையையே மாணவர்களுக்குத் தருகிறார்கள். இவை விண்ணப்பத்தில் எழுத நல்ல வரிகள்.

என்னைக் கேட்டால், கோப்பையைவிடப் பெரியது நடுவர்களின் குறிப்புகள்தான். பல விழாக்களில் பேண்ட் வாசிக்க வாசிக்கவே நடுவர் பேசிப் பதிவு செய்து கொடுப்பார். அதைப் பள்ளி ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். ஐந்து சாக்ஸபோன்கள் சேர்ந்து ஒரு நீண்ட சுரத்தை தாளத்தின் எந்தத் தட்டில் முடிக்கின்றன, இரண்டாம் டெனர், பிரிவை நடத்தும் முதல் ஆல்டோ சாக்ஸபோனின் மூச்சோடு போகிறதா என்பதையெல்லாம் அதில் சொல்லியிருப்பார்கள். வீட்டில் தனியாக வாசிக்கும் பிள்ளைக்கு இந்தக் காது வராது. அப்புறம், சோலோ எல்லாம் முதல் டெனருக்கே என்பதும் இல்லை. தயாராக இருப்பதாக அவள் ஆசிரியரிடம் தானே போய்ச் சொல்லட்டும்.

கல்லூரிகள் வாசித்துக் காட்டச் சொல்லும் தேர்வில் பொதுவாக நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள்: தயாரித்த பாடல், மனோதர்மம், நோட்ஸைப் பார்த்தவுடன் வாசிப்பது, காதுப் பயிற்சி. பிள்ளைகள் தடுமாறுவது மனோதர்மத்தில்தான். ஸ்கேலை (சுர வரிசையை) மேலும் கீழும் ஓட்டினால் அது சோலோ ஆகாது. எலிங்டன் குழு 1940-இல் பதிவு செய்த 'காட்டன் டெயில்' பாட்டில் பென் வெப்ஸ்டரின் டெனர் சோலோ இருக்கிறது. நோட்ஸ் தேடாமல் முதல் எட்டு பாரை, அதாவது எட்டுத் தாளச் சுற்றை, கேட்டுக் கேட்டு வாயால் பாடச் சொல்லுங்கள். பாட வந்த பிறகு, பாதி வேகத்தில் சாக்ஸில் எடுக்கட்டும். அவர் எங்கே மூச்சு விடுகிறார், எந்த சுரத்தில் தங்குகிறார் என்பது அப்போதுதான் பிடிபடும். பிறகு பன்னிரண்டு பார் கொண்ட ப்ளூஸ் பாட்டில், ஒவ்வொரு கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டின்) மூன்றாம், ஏழாம் சுரங்களை மட்டும் வைத்து மெதுவாக ஒரு சோலோ அமைக்கட்டும். சலிப்பான வேலைதான். ஆனால் கார்டு மாறுவது கேட்பவருக்குத் தெரிகிற அளவுக்கு வாசிக்கும் பிள்ளைகள் குறைவு. நடுவர்கள் நிமிர்ந்து உட்காருவது அங்கேதான்.

வீடியோ அனுப்பும்போது வெட்டி ஒட்டாதீர்கள். வேகமான பாட்டு ஒன்று, பாலட் (மெதுவான பாட்டு) ஒன்று. கையும் முகமும் தெரிய வேண்டும், பின்னணி டிராக் சாக்ஸை அமுக்கக் கூடாது. பாலடைப் பலர் கடைசி நேரத்தில் தயாரிக்கிறார்கள். ஒலியின் தரம் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் தெரிவது அதில்தான் என்பதால் அதை முதலில் எடுங்கள்.

கல்லூரிக்கு வெளியே என்றால் இளம் கலைஞர்களுக்கான 'யங் ஆர்ட்ஸ்' போட்டி இருக்கிறது: 15 முதல் 18 வயது அல்லது 10 முதல் 12-ஆம் வகுப்பு, ஜாஸுக்குத் தனிப் பிரிவு, ரொக்கப் பரிசு. குடியுரிமை, விசா நிலை பற்றிய நிபந்தனையை முதலில் படியுங்கள். இப்படி வெளியிலிருந்து வரும் பணத்தைக் காட்டிச் சில கல்லூரிகள் தங்கள் உதவியைக் குறைத்துக்கொள்ளும். அதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். இசையை முதன்மைப் பாடமாக எடுக்காதவர்களுக்கும், பேண்டில் வாசித்தால் போதும் என்று உதவித்தொகை தரும் கல்லூரிகள் பல உண்டு. தொகை பெரும்பாலும் சிறியதாக இருக்கும். ஆனால் நல்ல டெனர் தேவைப்படும் ஆண்டில் பேண்ட் இயக்குநர் சேர்க்கை அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்வார். அதனால் பதினோராம் வகுப்பிலேயே அவருக்கு உங்கள் மகள் மின்னஞ்சல் எழுதட்டும். நீங்கள் எழுத வேண்டாம், அவள் பெயரில் அவளே எழுதுவதுதான் சரி.

கல்லூரியிலிருந்து உதவித்தொகைக் கடிதம் வந்ததும் தொகையை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். ஒரு வருடத்துக்கா, நான்கு வருடத்துக்கா? எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நின்றுவிடும்? பாடத்தை மாற்றினால் என்ன ஆகும்? கழித்தது போக உங்கள் கையிலிருந்து எவ்வளவு? இந்த நான்கையும் ஒவ்வொரு கல்லூரிக்கும் எழுதி வைத்து ஒப்பிடுங்கள். இன்னொரு கல்லூரி அதிகம் தந்தால் அந்தக் கடிதத்தை இணைத்து, மறுபரிசீலனை செய்ய முடியுமா என்று மரியாதையாகக் கேட்கலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெரும்பாலான கல்லூரிகளில் முடிவு சொல்லக் கடைசி நாள் மே 1. அதனால் ஏப்ரல் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.