வழக்குத் தலைப்பில் இல்லாதவர்கள்: கேள்வி பதில்

ஊட்டியில் நீதிமன்ற வழக்குக் கட்டுகளோடு பணிக்காலத்தைக் கழித்தவன் நான். பழைய கொலை வழக்குகளில் செத்துப்போன பெண்களைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். கொலைகாரன் யார் என்று மட்டும் கேட்காதீர்கள் என்றும் சொன்னேன். வந்தவை கீழே.

கோத்தகிரி: 1888 லண்டன் வைட்சேப்பல் கொலைகளில் ‘ஜாக் த ரிப்பர்’ பெயர் குழந்தைக்கும் தெரிகிறது. கொல்லப்பட்ட ஐந்து பெண்களைப் பற்றி ஏதாவது தெரியுமா?

நிறையவே தெரியும். மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைடு, கேத்தரின் எடோஸ், மேரி ஜேன் கெல்லி. எல்லாரையும் சொல்ல இடமில்லை, கேத்தரினை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1842இல் வுல்வர்ஹாம்டனில் பிறந்தவர். தாமஸ் கான்வே என்பவரோடு ஊர் ஊராகப் போய்ப் பாட்டுப் புத்தகம் விற்றார். மூன்று பிள்ளைகள். அந்த மனிதரின் பெயரெழுத்துகளைக் கையில் பச்சை குத்தியிருந்தார். பின்னால் அவரைப் பிரிந்து ஜான் கெல்லி என்பவரோடு வாழ்ந்தார். 1888 செப்டம்பரில் இருவரும் கென்ட் பக்கம் ஹாப் பறிக்கப் போனார்கள். பீருக்குப் போடுகிற பூ அது. சீசன் வந்தால் லண்டன் ஏழைகள் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுவார்கள். எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காசு தேறவில்லை, நடந்தே திரும்பினார்கள். ஜான் கெல்லியின் பூட்ஸை இரண்டரை ஷில்லிங்குக்கு அடகு வைத்து டீத்தூளும் சர்க்கரையும் வாங்கினார்கள்.

செப்டம்பர் 30 அதிகாலை மைட்டர் சதுக்கத்தில் உடல் கிடந்தது. உடலோடு இருந்ததையெல்லாம் போலீஸ் எழுதிவைத்தது. டீத்தூள் ஒரு தகர டப்பாவில், சர்க்கரை இன்னொன்றில். ஆறு துண்டு சோப்பு, சீப்பு, ஊசி குத்திய சிவப்புத் துணி, ஒற்றைக் கையுறை, மூக்குக் கண்ணாடியின் ஒரு பாகம். பக்கத்தில் ஒரு கடுகு டப்பா, அதற்குள் அடகுச் சீட்டு. தங்க நிலையான இடமில்லாததால் குடித்தனத்தையே கூடச் சுமந்து திரிந்திருக்கிறார். ரிப்பரைப் பற்றி எழுதியவர்களில் பாதிப்பேர் இந்தப் பட்டியலைப் புரட்டிவிட்டுப் போயிருப்பார்கள். எனக்கு அந்தப் பெண்ணைக் காட்டியது இதுதான்.

குன்னூர்: அப்புறம் கொலைகாரன் யார்தான் சார்?

அடுத்த கேள்வி.

கூடலூர்: என் பாட்டியின் தங்கையை 1950களில் எஸ்டேட் லைன் வீட்டில் வைத்துக் கொன்றுவிட்டார்கள். குடும்பத்தில் யாரும் பேசுவதில்லை. எங்கே தேடுவது?

அம்மா, முதலில் கொன்றவன் பெயரைக் கேட்டு வாங்குங்கள். கசப்பாகத்தான் இருக்கும், வேறு வழியில்லை. பதிவேடு குற்றவாளி பெயரில்தான் ஓடுகிறது. ‘அரசு எதிர் இன்னார்’ என்றுதான் தலைப்பு இருக்கும், செத்தவர் அதில் வரமாட்டார். உயிரோடு இருப்பவருக்கும் இதே கதிதான். பாலியல் வன்முறைச் சட்டத்தையே மாற்றவைத்த, மதுரா என்ற பெண்ணின் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1978 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு துக்காராம் என்ற போலீஸ்காரர் பெயரில்தான் புத்தகங்களில் இருக்கிறது.

தூக்குத் தண்டனை விதித்திருந்தால் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தாக வேண்டும். அதனால் சென்னையிலும் தேடலாம். கீழ்க்கோர்ட்டுக் கட்டுகளைக் காலக்கெடு முடிந்ததும் அழித்துவிடுவது வழக்கம், தாமதிக்காதீர்கள். கட்டு கிடைத்தால் தீர்ப்பைக் கடைசியில் படியுங்கள். பிரேத விசாரணை அறிக்கையை முதலில் எடுங்கள். என்ன புடவை, காதில் என்ன, இடுப்பில் முடிந்திருந்தது என்ன என்று அதில் இருக்கும். அப்புறம் பக்கத்து லைன் பெண்களின் வாக்குமூலம். ‘அன்று அவள் என்னிடம் அரிசி கடன் வாங்க வந்தாள்’ என்கிற மாதிரி வரியெல்லாம் வழக்குக்கு உதவாது, உங்களுக்கு உதவும்.

கொடைக்கானல்: வைட்சேப்பல் பெண்கள் ஐந்து பேரும் பாலியல் தொழிலாளிகள்தானே? அதை ஏன் மழுப்புகிறீர்கள்?

மழுப்பவில்லை. ஸ்ட்ரைடு 1865இல் சுவீடனில் கோதன்பர்க் போலீஸ் பதிவேட்டில் பாலியல் தொழிலாளியாக ஏறியவர். மேரி ஜேன் கெல்லி அந்தத் தொழிலில் இருந்தார். மற்ற மூவர் விஷயத்தில் வாதம் ஓயவில்லை. ஆனி சாப்மன் குரோஷா பின்னியும் பூ விற்றும் பிழைத்ததாகத் தோழி சாட்சி சொன்னார். பிரிந்திருந்த கணவர் வாரம் பத்து ஷில்லிங் அனுப்பி வந்தார். 1886 கடைசியில் அவர் செத்ததும் அதுவும் நின்றது.

கொடைக்கானல் (மறுபடி): பூ விற்றார், பின்னினார் என்று நல்ல பெயர் வாங்கித் தருகிறீர்கள். தொழில் செய்த கெல்லிக்கு அப்படியானால் இரக்கம் கிடையாதா?

குன்னூர் (வேறொருவர்): கொடைக்கானல்காரர் சொல்வது சரி. கௌரவமான பெண் என்று நிரூபித்தால்தான் அழுவீர்களா?

இரண்டு பேரும் சேர்ந்துகொண்டீர்கள், சரி. கெல்லிக்கு இரக்கம் குறைவு என்று எங்கே சொன்னேன்? தொழில் பெயரை எழுதியதும் காகிதத்தில் மற்றதெல்லாம் நின்றுவிடுகிறது என்பதுதான் என் சண்டை. நம் ஊரிலும் அதுதான். 1872 சாட்சியச் சட்டத்தின் 155ஆவது பிரிவில் ஓர் உட்பிரிவு இருந்தது. பாலியல் வன்முறை வழக்கில் பெண்ணின் ‘ஒழுக்கக் குறைவை’க் காட்டி அவள் சாட்சியத்தைத் தகர்க்க அது அனுமதித்தது. 2002 கடைசி வரை அது உயிரோடு இருந்தது. கொலை வழக்கில் அந்தப் பிரிவுக்கு வேலையில்லை, ஆனாலும் வக்கீல்களுக்கு வாய்ப்பழக்கம் போகவில்லை. ‘நடத்தை சரியில்லாதவள்’ என்று ஒரு வரி விழுந்துவிட்டால், அவள் எத்தனை கிலோ கொழுந்து பறிப்பாள், யாருக்குச் சோறு போட்டாள் என்று அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. தொழில் செய்தவரா? எழுதுங்கள். மீதியையும் எழுதுங்கள். இதோடு இந்த விஷயத்தை விடுவோம்.

அருவங்காடு: 1952 ஆளவந்தார் வழக்கு பற்றி?

கொலையுண்டவர் ஆண். வேறு யாரையாவது கேளுங்கள்.

குந்தா: ஜாக் ஒரு டாக்டரா?

கொலைகாரனைப் பற்றிக் கேட்காதீர்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

ஊட்டி, கல்லூரி மாணவி: மலைப்பகுதியில் நடந்த பழைய பாலியல் வன்முறைக் கொலை ஒன்றை யூடியூபில் போடப்போகிறோம். அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னால் அவருக்கு மரியாதைதானே?

வேண்டாம். கூடலூர் அம்மா, உங்கள் வழக்கிலும் அப்படி ஏதாவது இருந்தால் இது உங்களுக்கும்தான். 1983இல் தண்டனைச் சட்டத்தில் 228அ பிரிவு வந்ததிலிருந்து அப்படிப் பெயரை வெளியிடுவது குற்றம், இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 72ஆவது பிரிவு. செத்தவருக்கும் இது பொருந்தும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊர், தெரு, அண்ணன் பெயர் என்று சுற்றிவளைத்து அடையாளம் காட்டினாலும் மாட்டிக்கொள்வீர்கள். பெயரை விட்டுவிட்டு அவர் என்ன வேலை செய்தார், என்ன கூலி வாங்கினார், எதற்குச் சிரிப்பார் என்று சொல்லுங்கள். கொன்றவனுக்கு இரண்டு நிமிடம் போதும்.