ஸ்டார்ட்டரில் குச்சி வேண்டாம்: வாசகர் கேள்வி–பதில்

பேட்டரி வயரைத் திசைகாட்டி மேல் வைத்தேன். ஊசி அசையவில்லையே? (மாணவி, கும்பகோணம்)

வயர் எந்தத் திசையில் கிடந்தது என்று எழுதவில்லை. அதுதானே முக்கியம்! கிழக்கு மேற்காக வைத்திருப்பீர்கள். மின்னோட்டத்தின் காந்தப்புலம் வயரைச் சுற்றி வட்டமாக அமையும். அப்படி வைத்தால் அது ஊசி நிற்கும் கோட்டிலேயே விழும். வடக்கு தெற்காக, ஊசியை ஒட்டி வையுங்கள். 1820-இல் டென்மார்க் விஞ்ஞானி ஆர்ஸ்டெட் கண்ட விலகல் தெரியும். ஓரிரு விநாடிக்கு மேல் வேண்டாம், வயர் சுடும். வீட்டு பிளக்கில் ஒருபோதும் செய்யாதீர்கள்.

மோட்டார் ஓடும்போது கிளாம்ப் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது. கெட்டுவிட்டதா? (மன்னார்குடி)

வயரைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தை வைத்துத்தான் கிளாம்ப் மீட்டர் மின்னோட்டத்தை அளக்கிறது. நீங்கள் மொத்தக் கேபிளையும் கவ்வியிருக்கிறீர்கள். அதற்குள் போகும் மூன்று பேஸ் வயர்களின் புலங்களும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரே ஒரு வயரைக் கவ்வுங்கள்.

வயலுக்கு மேல் போகும் உயரழுத்தக் கம்பியின் காந்தம் நெல்லைக் கெடுக்குமா? (வலங்கைமான்)

கெடுக்காது. 100 ஆம்பியர் ஓடும் கம்பிக்கு 10 மீட்டர் கீழே காந்தப்புலம் 2 மைக்ரோடெஸ்லாதான் (புலத்தை அளக்கும் அலகு). நம் பக்கம் பூமியின் காந்தமே 40 இருக்கும். தாழ்ந்து தொங்கும் கம்பிக்குப் பயப்படுங்கள். அறுவடை இயந்திரம் அதன் கிட்டே போகக் கூடாது.

கரண்ட் வந்து வந்து போகிறது. ஸ்டார்ட்டர் விடுபடாமலிருக்கக் குச்சி செருகியிருக்கிறேன். பரவாயில்லையா? (திருத்துறைப்பூண்டி)

கூடவே கூடாது. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. குறுவைக்குப் போர் தண்ணீரை நம்பியிருப்பவர் ராத்திரி எழுந்துபோய் பட்டன் அழுத்துவது சிரமம்தான். ஆனால் அது ஏன் விடுபடுகிறது? ஸ்டார்ட்டருக்குள் காயிலில் (கம்பிச் சுருளில்) ஓடும் மின்னோட்டம் உண்டாக்கும் காந்தம்தான் கான்டாக்டரை, அதாவது மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சை, இழுத்துப் பிடிக்கிறது. வோல்டேஜ் ரொம்ப இறங்கினால் காந்தம் தளரும், மோட்டார் நிற்கும். மோட்டார் அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்தால் ஓவர்லோடு ரிலேயும் இந்தக் காயிலை அணைத்துத்தான் மோட்டாரை நிறுத்துகிறது. குச்சி இருந்தால் இரண்டு காவலும் போச்சு.

மோட்டாருக்குள்ளும் இதே கதைதான். மூன்று பேஸும் முறைவைத்து வருவதால் புலம் சுழல்கிறது. மோட்டாரின் சுழலும் பாகமான ரோட்டார் அதன் பின்னால் ஓடுகிறது. ஒரு பேஸ் இல்லாமல் கரண்ட் திரும்பி வந்தால் புலம் சுழலாது, ஒரே கோட்டில் முன்னும் பின்னும் அடிக்கும். நின்ற மோட்டார் கிளம்பாமல் உறுமிக்கொண்டே ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். சில நிமிடத்தில் வைண்டிங் (மோட்டாருக்குள் சுற்றிய கம்பி) கருகிவிடும். நீர்மூழ்கி மோட்டார் என்றால் குழாயோடு மேலே தூக்க வேண்டும். ரீவைண்டிங் முடிந்து வருவதற்குள் நாற்று காய்ந்துவிடும்.

மெயினை அணைத்துவிட்டு இன்றே குச்சியை எடுங்கள். தானாக ஓட வேண்டுமென்றால், மூன்று பேஸும் சரியாக இருந்தால் மட்டும் கிளப்பும் ஆட்டோ ஸ்டார்ட்டர் வாங்குங்கள்.

ஸ்டார்ட்டர் ‘கிர்ர்’ என்று சத்தம் போடுகிறது. (பாபநாசம்)

ஏ.சி. காந்தம் விநாடிக்கு 100 முறை பூஜ்யமாகும். அந்த நேரத்தில் பிடி தளராமல் காப்பது கான்டாக்டரின் இரும்பு முகத்தில் உள்ள செம்பு வளையம். அது உடைந்திருக்கும், அல்லது முகத்தில் தூசி படிந்திருக்கும். மெயினை அணைத்துவிட்டுத் துடைத்துப் பாருங்கள். வளையம் உடைந்திருந்தால் கான்டாக்டரை மாற்றுங்கள்.