அல்கோ காலத்தில் டீலர் வேலை

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன். பங்குத் தரகு நிறுவனத்தில் டீலராக ஆசை. "எல்லாம் அல்கோவே (தானாக ஆர்டர் போடும் கணினி நிரல்) செய்துவிடும்" என்கிறார்கள். எனக்கு இடம் உண்டா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: தம்பி, 1995-ல் மும்பைப் பங்குச் சந்தைக்கு 'போல்ட்' என்ற கணினி வர்த்தகத் திரை வந்தபோது, கூடத்தில் தொண்டை கிழிய விலை கூவிக்கொண்டிருந்தவன் நான். அன்று எனக்கும் இதே பயம்தான். ஆர்டர் தட்டும் வேலையை மட்டும் நம்ப வேண்டாம். நஷ்ட அபாயத்தைக் கண்காணிக்கும் ரிஸ்க் பிரிவுக்கு விண்ணப்பியுங்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் தவறாக ஓடிய மென்பொருள், 45 நிமிடத்தில் சுமார் 44 கோடி டாலரை விழுங்கியது. அந்த நேரத்தில் நிறுத்தத் தெரிந்த ஆள் வேண்டும். என்.ஐ.எஸ்.எம். (பங்குச் சந்தைப் பணிக்கான தேர்வுகளை நடத்தும் தேசிய நிறுவனம்) நடத்தும் டெரிவேடிவ்ஸ் (பங்கு விலையைச் சார்ந்த ஒப்பந்தங்கள்) தேர்வு எழுதுங்கள், பைத்தான் நிரல்மொழி படியுங்கள். நேர்முகத்தில் நான் முதலில் மார்ஜின் (வர்த்தகத்துக்குக் கட்டவேண்டிய பிணைத்தொகை) கணக்கைத்தான் காகிதத்தில் போடச் சொல்வேன். பலர் அங்கேயே திணறுகிறார்கள்.